இல்ஃபோர்டுக்கு வந்த ஜப்பான் பரிசு

பிள்ளைகளே, வீட்டில் தொலைபேசி அடித்தால் அப்பா எழுந்து நின்று, சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டுதான் எடுப்பார் என்று நீங்கள் இருவரும் சிரிப்பது எனக்குத் தெரியும். அம்மாவைக் கேட்டால், "அது கொப்பாவுக்கு வந்த ஜப்பான் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். காய்ச்சல் இல்லை. அது ஒரு பரிசால் வந்தது. நான் அதிகம் படித்தவன் இல்லை, ஆனாலும் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பிறகு அம்மா சொல்லும் கதையை நம்பாதீர்கள்.

உங்களில் மூத்தவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்த நேரம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். எல்லாரையும் போல எனக்கும் இரண்டு வேலை. சனி ஞாயிறு பெற்றோல் நிலையம். மற்ற நாட்களில் லண்டன் நடுவே ஒரு ஜப்பான் உணவகத்தில் பாத்திரம் கழுவுவது. அங்கே தலைமைச் சமையற்காரர், நாங்கள் செஃப் என்போம், ஜப்பானிலிருந்தே வந்தவர். மீன் வெட்டும்போது தும்மல் வந்தால்கூட அனுமதி கேட்டுத்தான் தும்ம வேண்டும், அப்படிக் கண்டிப்பு. ஆனால் அவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. ஊரிலிருந்து தடித்த இலக்கிய மாசிகை ஒன்று தபாலில் வரும். வந்த அன்று அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு வாசிப்பார். சோறு அடிப்பிடித்தாலும் கேட்க மாட்டார்.

அவர்தான் அந்தப் பரிசைப் பற்றிச் சொன்னார். ஜப்பானில் அதைவிடப் பெரிய பேர் வாங்கித்தரும் இலக்கியப் பரிசு குறைவாம். வருடத்துக்கு இரண்டு தரம், புதிதாக எழுத வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். என்ன பரிசு என்று கேட்டேன். சட்டைப்பையில் வைக்கிற கடிகாரம் என்றார். பணமும் உண்டாம், ஆனால் அது சோற்றோடு வைக்கிற ஊறுகாய் மாதிரி; பரிசு என்றால் கடிகாரம்தான். வென்றவர்களின் படங்களை மாசிகையில் காட்டுவார். ஒரு முறை ஒரு மாணவர், ஒரு முறை ஒரு குடும்பப் பெண், ஒரு முறை தலைமயிர் வளர்த்த ஒரு பாட்டுக்காரர். ஆள் யாராக இருந்தாலும் முகம் ஒன்றுதான்: பின்னாலிருந்து யாரோ தண்ணீர் ஊற்றிய முகம்.

"ஏன் இப்படி முழிக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"இப்போதுதான் தொலைபேசி வந்தது" என்றார்.

அந்த முறையைக் கேளுங்கள். நடுவர்கள் ஒரு நல்ல சாப்பாட்டுக் கடையில் அறை எடுத்து, சாப்பிட்டுக்கொண்டே வாதாடுவார்கள். கடைசிப் பட்டியலில் உள்ள எழுத்தாளர்கள் வேறெங்கோ நண்பர்களோடு கூடியிருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அடித்ததும் ஒரு குரல் கேட்கும்: "பரிசு உங்களுக்கு. ஏற்றுக்கொள்கிறீர்களா?" எப்போதோ ஒருவர் வேண்டாம் என்றாராம், அதனால் கேட்டுத்தான் கொடுப்பார்களாம்.

கடிகாரத்தை நான் மறந்தேன். அந்தக் கேள்விதான் மனதில் ஒட்டிக்கொண்டது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து வா, நில், கழுவு, இங்கே கையெழுத்துப் போடு என்றுதான் கேட்டிருக்கிறேன். ஒருவர் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, நல்ல ஒன்றைக் கொடுத்து, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஒரு தரம் போதும் என்று நினைத்தேன்.

அப்போது லண்டனின் கிழக்கே நாங்கள் இருந்த இல்ஃபோர்டில் எங்கள் தமிழ்ச் சங்கம் வருடாவருடம் சிறுகதைப் போட்டி வைக்கும். எழுதியவர், எழுதாதவர், மண்டபத்தில் கதிரை அடுக்கியவர் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்துவார்கள். கூட்டத்தில் நான் எழும்பி ஜப்பான் முறையைச் சொன்னேன். சங்கத் தலைவர் ஊரில் கல்லூரி அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அதிபர் ஐயா என்போம். அவருக்கு உடனே பிடித்துவிட்டது. நடுவர்கள் சாப்பிட வேண்டும் என்ற இடத்தில் பிடித்தது என்று அம்மா சொல்வார்.

சங்கத்தில் கதை எழுதும் இன்னொருவர், பக்கத்து ஊரான செவன் கிங்ஸில் இருந்த கணக்காளர் அண்ணை. அவர்தான் சந்தேகம் கிளப்பினார்.

"பரிசு ஒண்டுதான் எண்டால் மற்றாக்கள் கோவிப்பினமே?"

"ஜப்பானிலை கோவிக்கிறேல்லையாம் அண்ணை."

"அங்கை சங்கத்துக்குச் சந்தா கட்டுறேல்லையாக்கும்."

எப்படியோ முடிவாகிவிட்டது; அதிபர் ஐயாதான் முதல் நடுவர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய சட்டைப்பைக் கடிகாரமும் வாங்கினார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே, நீண்ட காலம் பஸ் ஓட்டியதற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. இரண்டாவது நடுவர், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு டாக்டர், அதைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"சார், பஸ்னு போட்டிருக்கே?"

"அதுக்கென்ன டொக்டர், எழுத்தாளனும் ஆக்களை ஏத்திக்கொண்டுபோய் எங்கையோ இறக்கிவிடுறவன்தானே" என்றார் அதிபர் ஐயா.

கடைசிப் பட்டியலில் மூன்று கதைகள். ஒன்று என்னுடையது: பெற்றோல் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கிய ஒரு மனிதர் ஒன்றும் வாங்காமல் நிற்கிறார், அவ்வளவுதான் கதை. இன்னொன்று கணக்காளர் அண்ணையுடையது. அதில் ஓர் ஆத்மா கடலோடு நெடுநேரம் பேசும், கடல் பதில் சொல்லாது. மூன்றாவது, சூப்பர் மார்க்கெட்டில் காசு மேசையில் வேலை செய்த ஓர் அக்கா எழுதியது: ஒரு கிழவர் தினமும் வந்து ஒற்றை வாழைப்பழம் வாங்குவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நடுவர்கள் தோசைக்கடை மாடியில் கூடினார்கள். நான் பெற்றோல் நிலையத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னறையில் இருந்தேன். அம்மா தொலைபேசிக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். கூடியிருக்க நண்பர்கள் வேண்டுமே என்று இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தேன். அவர்கள்தான் கணக்காளர் அண்ணைக்கும் நண்பர்கள். ஆகவே எங்கள் வீட்டில் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, செவன் கிங்ஸுக்குப் போய்ப் புட்டுச் சாப்பிட்டுவிட்டு, தேத்தண்ணிக்குத் திரும்பி இங்கே வந்தார்கள்.

தொலைபேசி அடித்தது. எழுந்து நின்றேன். பொத்தானைப் பூட்டினேன். "ஹலோ" என்றேன், கோவிலில் தேவாரம் தொடங்குகிற மாதிரி.

"ஐசே, இஞ்சை ஒருத்தனும் வரேல்லை. ஷிப்டுக்கு வர ஏலுமோ?" பெற்றோல் நிலைய மனேஜர்.

"ஏலாது அண்ணை. நான் இலக்கியப் பரிசுக்குக் காத்துக்கொண்டிருக்கிறன்."

"டொக்டரிட்டைக் காட்டினனீரோ?" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்தது கனடாவிலிருந்து உங்கள் பெரியம்மா. அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவரே கணக்காளர் அண்ணை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். "அங்கை வந்திட்டுதோ?" "இல்லை, உங்கை?" "இல்லை." வைத்ததும் அண்ணையின் மனைவி திருப்பி எடுத்தார். "இப்ப வந்ததோ?" இப்படியே போனது. ஜப்பானில் எழுத்தாளர்களின் மனைவிமார் ஒருவருக்கொருவர் எடுக்க மாட்டார்களோ என்னவோ, செஃப் அதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டு இணைப்பும் அந்தப் பின்னேரம் முழுக்க அவர்கள் கையில்தான் இருந்தது.

வாசல் மணி அடித்தது. பார்த்தால் அதிபர் ஐயாவும் டாக்டரும்.

"உங்கடை ஃபோன் கிடைக்குதில்லை. அதுதான் நேரை வந்தனாங்கள்" என்றார் ஐயா.

என் நெஞ்சு அடித்த அடியில் கோட்டுப் பொத்தான் ஒன்று கழன்றிருக்க வேண்டும், பிறகு அது கிடைக்கவே இல்லை. அம்மா வடைத் தட்டோடு ஓடிவந்தார். நண்பர்கள் கைதட்டினார்கள். மூத்தவளும் காரணம் தெரியாமலே தட்டினாள்.

"சொல்லுங்கோ ஐயா" என்றேன்.

ஐயா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வடையைப் பார்த்தார். ஒரு வடையை எடுத்தார்.

"நல்ல மொறுமொறுப்பு. பிள்ளை, உளுந்து எங்கை வாங்கினனீர்?"

"சவுத்தால் கடையிலை ஐயா."

"அப்பிடிச் சொல்லும்." இன்னொன்று எடுத்தார். "தம்பி, உம்மடை கதையிலை மழை நல்லாப் பெய்யுது. நனைஞ்சு போனன்."

"சார், நாம வந்த விஷயம்..." என்று டாக்டர் தொடங்கினார். ஐயாவின் சப்பாத்து டாக்டரின் சப்பாத்துக்கு மேல் ஏறியதை நான் கண்ணால் கண்டேன். டாக்டர் ஒரு ரோல்ஸை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். தேத்தண்ணியும் குடித்து, மூத்தவளின் கன்னத்தைக் கிள்ளி, "சந்தோசம், நல்ல சந்தோசம்" என்று சொல்லிக்கொண்டே இருவரும் இறங்கிப் போனார்கள்.

"வெண்டிட்டீங்கள்" என்றார் அம்மா.

"வாயாலை சொல்லேல்லையே?"

"இஞ்சருங்கோ, தோத்தவன்ரை வீட்டிலை வந்து ஆரும் நாலு வடை சாப்பிடுவினமோ?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒன்றுதான் குறை: கேள்வி கேட்கப்படவில்லை. முறைப்படி தொலைபேசியில்தான் கேட்க வேண்டும் என்று ஐயா காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கிழமை முழுக்க, வீட்டில் இருந்த நேரமெல்லாம் தொலைபேசிக்குப் பக்கத்தில் கழுத்துப் பொத்தானோடு இருந்தேன். உணவகத்தில் செஃப் விசாரித்தார். "அழைப்பு வரும்" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் குனிந்து வணக்கம் செய்தார். கையில் சோப்பு நுரையோடு நானும் குனிந்தேன். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

பரிசளிப்பு சனிக்கிழமை பின்னேரம், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். அம்மா கூறைச் சேலை உடுத்தி வந்தார். போனால், முன்வரிசையில் கணக்காளர் அண்ணை பட்டு வேட்டியோடு இருக்கிறார். அவர் மனைவியும் கூறைச் சேலை. அண்ணையின் சட்டைப்பையில் ஏற்புரை மடித்துத் துருத்திக்கொண்டிருந்தது. என் பையிலும் அப்படியே.

"வாழ்த்த வந்தனீரோ தம்பி?" என்றார் அவர்.

"ஓம் அண்ணை, நீங்களும் அதுக்குத்தானே?"

இருவரும் சிரித்தோம். பிறகு இருவரும் சிரிப்பை நிறுத்தினோம்.

அதிபர் ஐயா எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரும் வந்தார். ஐயா சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"பரிசு அந்த வாழைப்பழப் பிள்ளைக்கு."

"நான் அன்னிக்கே சொல்லிடலாம்னு சொன்னேன் சார்" என்றார் டாக்டர்.

"என்னெண்டு சொல்லுறது? ஒரு வீட்டிலை வடையோடை நிக்கினம், மற்ற வீட்டிலை புட்டோடை நிக்கினம். திண்டுகொண்டு இல்லையெண்டு சொல்ல வாய் வருமோ?"

கணக்காளர் அண்ணைக்குக் கண் சிவந்துவிட்டது. "அப்ப நீங்கள் என்ரை வீட்டிலை ரெண்டாந்தரம் புட்டுக் கேட்டு வாங்கினது?"

"அது வேறை."

"சரி ஐயா, அந்த அக்கா எங்கை?" என்று நான் கேட்டேன். அவர் மண்டபத்தில் இல்லை.

அப்போதுதான் முழு விஷயமும் வெளியே வந்தது. அந்த ஞாயிறு கடைசியாக அக்கா வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். அவர் கணவர் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தார், அதனால் தொலைபேசியும் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அக்கா கதவை ஒரு கை அளவு திறந்து, வாயில் விரல் வைத்து, "நித்திரை கொள்ளுறார், பிறகு வாங்கோ" என்று பூட்டிவிட்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இவர்களும் பிறகு போகவில்லை. இரண்டு வீட்டுச் சாப்பாட்டோடு படி ஏற முடியவில்லையாம். தொலைபேசியில் மற்றவர் சொல்லிவிடுவார் என்று இருவருமே இருந்துவிட்டார்களாம். ஆகவே தோற்ற இருவரும் வென்றதாகப் பட்டு உடுத்தி வந்திருக்கிறோம். வென்றவர் தோற்றதாக நினைத்து வீட்டில் இருக்கிறார்.

தாழ்வாரச் சுவரில் காசு போடும் தொலைபேசி ஒன்று இருந்தது. ஐயா சில்லறையை என் கையில் வைத்தார்.

"உந்த ஜப்பான் வேலையெல்லாம் உம்மாலை வந்தது. நீரே கேளும்."

காசைப் போட்டு, ஐயா சொன்ன இலக்கத்தை அழுத்தினேன். பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். முறை என்றால் முறைதானே.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?" அக்காவின் குரல். பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம்.

"அக்கா, தமிழ்ச் சங்கத்திலையிருந்து கதைக்கிறன். இந்த முறைப் பரிசு உங்கடை கதைக்கு. ஏற்றுக்கொள்ளுறீங்களோ?"

"பொறுங்கோ, பருப்புப் பொங்குது." சட்டி நகர்கிற சத்தம். திரும்பி வந்தார். "என்ன பரிசு?"

"மணிக்கூடு."

"ஓடுமோ?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துத் தலையாட்டினார்.

"ஓடுது அக்கா."

தாளிக்கிற சத்தம் நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"என்ரை கதைக்கோ?" என்றார். "வடிவாப் பாத்தனீங்களோ? என்ரை கதைதானோ?"

"வாழைப்பழக் கதை. உங்கடைதான்."

"அப்ப ஓம்" என்றார். "ஓம், ஓம், ஏற்றுக்கொள்ளுறன். இந்தா வாறன்."

சூப்பர் மார்க்கெட் சட்டைக்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு, வெங்காய வாசத்தோடு வந்து சேர்ந்தார். பஸ் ஓட்டியதற்கான நன்றிக் கடிகாரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அன்று எடுத்த படத்தில் பார்த்தால் தெரியும், அதே முகம்: பின்னாலிருந்து தண்ணீர் ஊற்றிய முகம். கணக்காளர் அண்ணை தன் ஏற்புரையைக் கொஞ்சம் மாற்றி வாழ்த்துரையாக வாசித்தார். அதிலும் கடல் வந்தது. எனக்கும் அண்ணைக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். சங்கத்துக்குப் பழைய பழக்கம் விடுமா? கதிரை அடுக்கியவருக்கும் போர்த்தினார்கள்.

எல்லாரும் போனார்கள். அம்மாவும் மூத்தவளும் காரில் ஏறிவிட்டார்கள். மண்டபத்தில் விளக்கை அணைப்பது என் பொறுப்பு. அணைத்துவிட்டுத் தாழ்வாரத்தால் வந்தேன். தொலைபேசிக்கு முன்னால் நின்றேன். பொன்னாடையைச் சரிசெய்தேன், பொத்தானைப் பூட்டினேன். காசு போடாமல் எடுத்துக் காதில் வைத்தேன். ஊ என்று இரைந்துகொண்டிருந்தது.

"ஓம்" என்றேன். "ஏற்றுக்கொள்ளுறன்."

மெதுவாக வைத்துவிட்டு, காருக்குப் போனேன்.