பேர் மாற்றாத வண்டி

தேவிப்ரியா அயர்லாந்துக்கே போய்விடுவது என்று முடிவானபோது, களமருதூரில் அவள் அப்பா ராமசாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவரே தெருத் தெருவாகப் போய், "எம் பொண்ணு ஒரேயடியா போவுது, இனிமே அதுக்கு அங்கதான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் தேவிப்ரியா. ஊசி போடும் அறையிலிருந்து குழந்தையின் அழுகை கம்மியாகக் கேட்டால், உள்ளே இருப்பது அவள்தான் என்பார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கட்டில், பீரோ எல்லாவற்றையும் ஆளாளுக்குக் கொடுத்தாள். மிஞ்சியது ஸ்கூட்டி ஒன்றுதான்.

அதை வாங்கிக்கொண்டவள் மலர்விழி. அதே மருத்துவமனையில் வார்டு கூட்டித் துடைக்கிறவள். நைனார்பாளையத்திலிருந்து காலை ஷிஃப்டுக்கு பஸ் பிடித்து வருவதற்குள் நேரமாகிவிடும், சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். புருஷன் பச்சமுத்து கரும்பு வெட்டப் போகிறவன். கேட்ட விலையை முழுசாகக் கொடுத்துத்தான் வண்டியை எடுத்தார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் மலர்விழி இரண்டு ஃபாரங்களோடு வந்து நின்றாள்.

"பேர் மாத்தற ஃபாரம் சிஸ்டர். ரெண்டு கையெழுத்துதான். மீதி எல்லாம் எழுதி வாங்கியாந்துட்டேன்."

தேவிப்ரியா பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப வேணாம் மலரு. லீவுல வரும்போது போட்டுத் தரேன். நீ பாட்டுக்கு ஓட்டு, யார் கேக்கப் போறாங்க?"

நேரமில்லை என்பதுபோல் சொன்னாள். ஆனால் காரணம் அதுவல்ல. அங்கே சரிப்படாமல் ஆறு மாதத்தில் திரும்பி வரும்படி ஆகிவிட்டால்? வண்டி தன் பேரிலேயே இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஒரேயடியாகப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னவளுக்கு உள்ளுக்குள் இப்படி ஒரு யோசனை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மலர்விழி ஃபாரங்களை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு மூன்று தடவை வாட்ஸப்பில் கேட்டாள். கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பினால் போதுமா என்று அந்த ஃபாரத்தைப் படம் பிடித்தும் அனுப்பினாள். மூன்று தடவையும் தேவிப்ரியா, "பாக்கறேன் மலரு" என்றே பதில் போட்டாள். அதற்குப் பிறகு மலர்விழி கேட்கவில்லை.

அயர்லாந்தில் வேலை பிடித்துப்போயிற்று. இரண்டாவது குளிர்காலத்தில் பழைய கார் ஒன்று வாங்கினாள். விற்றவர் எழுபது வயதுக்காரர். பணம் கைக்கு வந்த பிறகும் சாவியைக் கொடுக்கவில்லை. பதிவுப் புத்தகத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கி, தானும் போட்டு, பேர் மாற்றும் ஆபீசுக்கு என்று உறையில் போட்டு ஒட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிவரை நடந்தார். உறை உள்ளே விழுந்த பிறகுதான் சாவி. "இனி இந்த வண்டிக்கு நீதான் பொறுப்பு, எனக்கு நிம்மதி" என்றார். தேவிப்ரியாவுக்குச் சுருக்கென்றது. இந்த வாரம் மலருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தாள். அந்த வாரமும் எழுதவில்லை.

காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போனபோது ஏஜென்ட் கேட்டார்: "உங்கள் நாட்டில் வண்டி ஓட்டியிருந்தால், விபத்து எதுவும் இல்லை என்று அந்த கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கட்டணத்தைக் கொஞ்சம் குறைக்கப் பார்க்கிறேன்." ஸ்கூட்டி இன்னும் தன் பேரில்தானே இருக்கிறது, மலரும் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டிவிடுகிறாள் என்ற தெம்பில் தேவிப்ரியா ஊரிலிருந்த கம்பெனிக்கு மெயில் போட்டாள்.

பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் வாகனத்தின் மீது ஒரு கோரிக்கை பதிவாகியுள்ளது. ஓட்டியவர் விபத்தில் இடது காலை இழந்தார். உரிமையாளர் ஓட்டும்போது அடிபட்டால் மட்டுமே இழப்பீடு உண்டு. இவர் பதிவு பெற்ற உரிமையாளர் அல்ல என்பதால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.' தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது.

உடனே மருத்துவமனையில் கூட வேலை பார்த்த நிர்மலாவுக்குப் போன் போட்டாள்.

"உனக்குத் தெரியாதா தேவி? சின்னசேலம் ரோட்டுல கரும்பு ஏத்துன டிராக்டர் ஒண்ணு மலர ஒரசிட்டுப் போயிடுச்சு. டிரெய்லர் சக்கரம் கால் மேல ஏறிடுச்சு. எந்த வண்டின்னே கண்டுபிடிக்க முடியல. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. தேவிகிட்ட சொல்லட்டுமான்னு நான்தான் கேட்டேன். சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னுட்டா."

தேவிப்ரியா அந்த மாதமே லீவு போட்டு ஊருக்கு வந்தாள். நைனார்பாளையம் போகக் கிளம்பியபோது ராமசாமி வாசலிலேயே தடுத்தார்.

"இன்னாத்துக்கு இப்ப அங்க போற? நீயா மோதின?"

"நான் மோதலப்பா. கையெழுத்துப் போடல."

மலர்விழி வீட்டு வாசலில் பாயை விரித்து உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கல்வராயன் மலையிலிருந்து வியாபாரி மூட்டையாகக் கொண்டுவந்து போடுவதைக் கொட்டை நீக்கிக் கொடுக்கிற வேலை. உட்கார்ந்தபடி செய்கிற வேலை அவளுக்கு அதுதான் கிடைத்தது. செயற்கைக் கால் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. ஸ்கூட்டியைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள்.

"சிஸ்டரா! வாங்க. இன்னா, இம்மாந்தூரம்?" என்று எழப் போனவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, தானும் பாயில் உட்கார்ந்தாள் தேவிப்ரியா. எதைச் சொல்லவே கூடாது என்று நினைத்திருந்தாளோ அதையே சொன்னாள்.

"அன்னிக்கு எனக்கு நேரம் இருந்துச்சு மலரு. திரும்பி வந்துட்டா வண்டி வேணுமேன்னுதான் கையெழுத்துப் போடல."

மலர்விழியின் கையிலிருந்த கட்டை நின்றது.

"அத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சிஸ்டர். நான் வண்டியே வாங்கியிருக்க மாட்டேன். லேட்டானாலும் பஸ்ஸுலயே போய்க்கினு வந்துக்கினு இருந்திருப்பேன்."

குரல் உயரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று தேவிப்ரியாவுக்குத் தோன்றியது. இன்சூரன்ஸில் வந்திருக்க வேண்டியதைத் தான் மாதாமாதம் அனுப்புவதாக, தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"வாங்கிக்கறேன். வேணாம்னு சொல்ற நெலமைல நான் இல்ல" என்றாள் மலர்விழி. "ஆனா பணம் வேற, அன்னிக்கு நீங்க பண்ணது வேற சிஸ்டர்." பிறகு சாக்குப் போட்ட வண்டியைக் காட்டினாள். "அதுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் சக்கரம் வெச்சுத் தராங்களாம், ஒரு காலை வெச்சே ஓட்டலாமாம். ஆர்.சி. என் பேர்ல இருந்தாதான் சக்கரம் வெச்சத அதுல எழுதுவாங்களாம். போன மாசம் உங்களக் கேக்கலாம்னு போனை எடுத்தேன். மூணு தடவ கேட்டாச்சேன்னு வெச்சிட்டேன்."

மறுநாள் இருவரும் பச்சமுத்துவோடு ஆட்டோவில் கள்ளக்குறிச்சி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார்கள். புதிதாக ஃபாரம் வாங்கி எழுதினார்கள். தேவிப்ரியா கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் மலர்விழி போட்டாள். பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று நினைத்தபடி தேவிப்ரியா வெளியே வந்தாள். வேப்பமர நிழலில் நின்று அழுதாள். பச்சமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் டீ வாங்கப் போனான். மலர்விழி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றாள். அழாதீங்க என்று அவள் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் பேர் மாறி, சக்கரம் வைத்து, அதுவும் ஆர்.சி.யில் ஏறியது. மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் இடத்தில் மலர்விழிக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை போட்டுக் கொடுத்தார்கள். இதெல்லாம் நிர்மலா சொல்லித்தான் தேவிப்ரியாவுக்குத் தெரியும். மாதம் பிறந்ததும் அவள் தவறாமல் பணம் அனுப்புகிறாள். சாப்பிட்டியா, கால் வலிக்குதா என்று எழுதியும் பார்க்கிறாள். மலர்விழியிடமிருந்து வருவது ஒரே வார்த்தை: "வந்துச்சு."