சித்தப்பா கட்டிய சுவர்

சித்தப்பா கொத்தனார். ஊரில் பாதிப் பேர் அவர் எழுப்பிய சுவர்களுக்குள்தான் தூங்குகிறார்கள். அவர் மட்டும் கடைசிவரை வாடகை வீட்டில் இருந்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு மனை வாங்கியிருந்தார். அதில் சித்திக்கு ஒரு வீடு கட்டித் தந்துவிட்டுத்தான் கரண்டியைக் கீழே வைப்பேன் என்பார்.

வெளிநாட்டிலிருந்து நான் வாங்கிப்போட்ட மனைக்கு, பத்திரம் பதிந்த கையோடு கம்பிவேலி போட்டவரும் அவரே. "ஆளில்லாத இடம்டா, கண்ணு வச்சிருவானுங்க" என்றார். தன் மனைக்கு வேலி போட மட்டும் அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை.

வேலியில்லாத அந்த மனையில் பழைய இரும்பு வியாபாரி ஒருவன் தகரக் கொட்டகை போட்டான். போய்க் கேட்டதற்கு, "சரக்கு வச்சிருக்கேன் மேஸ்திரி, எடுத்துக்கறேன்" என்றான். சரக்குக்குப் பின்னால் மனைவி வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள், கடைசியில் செங்கல்லும் வந்தது.

சித்தப்பா போய்ப் பார்த்த வக்கீலம்மா தெளிவாகச் சொன்னார்: "பத்திரம், வரி ரசீது எல்லாம் உங்க பேர்ல இருக்கு, பயப்படாதீங்க. போலீஸ்ல புகார் குடுத்துடுங்க. சர்வேயரை வச்சு அளந்துடலாம். மேற்கொண்டு கட்டாம இருக்கத் தடை, இடத்தை மீட்க வழக்கு, ரெண்டையும் சேர்த்துப் போடறேன். நீங்க அங்க எதையும் தொடக் கூடாது."

"நான் அடிதடிக்குப் போற ஆளாம்மா?"

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும். ஆம்பளைங்களுக்கு அதுதான் கஷ்டம்."

சர்வேயர் டேப் பிடித்து அளந்து, முழு மனையும் சித்தப்பாவுடையதுதான் என்றார். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை என்றாள் சித்தி. அவர் கண் சுவர்மேல் இருந்தது. இரும்பு வியாபாரி தானே எழுப்பிய சுவர். அஸ்திவாரம் இல்லாமல், உட்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் அடியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இது விழும்யா."

"இடிக்க வச்சு எங்களை வெளிய தள்ளப் பாக்கறீங்க."

"வெளிய தள்றதைக் கோர்ட்டு பாத்துக்கும். அதுக்கு முந்திப் புள்ள மேல விழுந்துரும்."

"அப்ப நீங்களே கட்டிக் குடுங்க மேஸ்திரி. கை நமநமங்குதுல்ல?"

மறுநாள் தூக்குக்குண்டும் கையுமாகக் கிளம்பினார். "வக்கீலம்மா என்ன சொன்னாங்க?" என்று சித்தி வாசலை மறித்தாள். "சுவத்தைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று விலக்கிவிட்டுப் போனவர், பழைய சுவரை இடித்து, அஸ்திவாரம் தோண்டி, நூல் பிடித்தாற்போல் எழுப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு நீட்டிய போட்டோவில் சித்தப்பா கரண்டியோடு நின்றார். இடத்துக்காரரே சம்மதித்துக் கட்டிக் கொடுத்த வீடு இது என்றார்கள்.

"இந்தச் சுவர் நீங்க கட்டினதா?" என்று நீதிபதி கேட்டார். வக்கீலம்மா பதில் சொல்ல எழுந்தார். அதற்குள் சித்தப்பா போட்டோவைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நான்தாங்கய்யா. ஆனா இதுல மேல ஒரு வரிசை பாக்கி இருக்கு. அப்புறமா முடிச்சுட்டேன்" என்றார்.

வழக்கு முடியும்வரை அவரவர் இருக்கிறபடியே இருக்கவேண்டும் என்று உத்தரவானது. அவன் மனையில், சித்தப்பா வாடகை வீட்டில்.

"கேஸ் தோத்துடல சித்தப்பா, இடம் இன்னும் உங்க பேர்லதான் இருக்கு" என்று போனில் தேற்றினேன்.

"பேர் இருக்குடா. பேருக்குள்ள போய்ப் படுத்துக்க முடியுமா?"

வழக்கு முடியவில்லை, அவர் போய்விட்டார். இப்போது அவர் இடத்தில் சித்தி வாய்தாவுக்கு அலைகிறாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதால் ஓர் ஒற்றை அறைக்கு மாறியிருக்கிறாள்.

சென்ற மழையில் அந்தத் தெருவில் பல சுவர்கள் விழுந்ததாகக் கேள்விப்பட்டு, பதறிப்போய் போன் செய்தேன்.

"நம்ம இடத்துல என்ன ஆச்சு சித்தி?"

"நிக்குது. உங்க சித்தப்பா கட்டினதாச்சே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "விழுந்து தொலையக் கூடாதான்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன்டா. அப்பறம் மனசு கேக்கல, மழையோட ஓடினேன். போய்ப் பாத்தா, புள்ளைங்க அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்து வெளையாடிட்டு இருக்குதுங்க."