பதினாலு கிணற்றுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பரளச்சிப் பக்கத்துக் கிணறுகளுக்கு மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலில் வரும், அடுத்த வாரம் இரவில் வரும். ஆறு மணி நேரம் என்பது அறிவிப்பு. நாலு மணி நேரம் கிடைத்தால் நல்ல நாள். மற்ற நேரமெல்லாம் இரண்டு முனைதான். அதில் விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. நாடு முழுக்கப் பற்றாக்குறை, அனல் நிலையத்தில் பழுது, அணைகளில் தண்ணீர் இல்லை என்று காரணங்கள் மாறி மாறி வரும். அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். உள்ளூர் மின்வெட்டு நேரங்களைக் கேட்டு எழுதி அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. நான் எழுதி அனுப்பிய நேரத்துக்கு மின்சாரம் போனதாகவோ வந்ததாகவோ நினைவில்லை.

என் அக்காவைப் பரளச்சிக்கு அடுத்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சான் லாரி ஓட்டினார். பந்தல்குடியில் லோடு ஏற்றிக் கிளம்பினால் திரும்பப் பத்து நாள் ஆகும், சில சமயம் இருபது. நிலத்தைப் பார்த்துக்கொண்டது அக்காதான். ஒரு கிணறு, ஐந்து குதிரைத்திறன் மோட்டார், ஒரு ஏக்கர் மிளகாய். சுற்றிலும் மழையை நம்பிய காடுகள். கிணறு வைத்திருந்தவர்கள் மொத்தம் பதினாலு பேர். பதினாலு மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்.

இரண்டு முனையிலும் மோட்டாரை ஓட்ட ஒரு வழி இருந்தது. கண்டன்சர் என்று ஒரு தகர டப்பா, டிபன் கேரியர் அளவு இருக்கும். வராத மூன்றாவது முனையை வந்ததுபோல் காட்டி மோட்டாரைச் சுழல வைத்துவிடும். டவுனில் மோட்டார் சாமான் கடைகளில் கேட்டால் உள்ளே போய் எடுத்துவந்து பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்கள். அதை வைத்து ஓட்டினால் வீடுகளில் விளக்கு மங்கும், டிரான்ஸ்பார்மர் சூடேறும். பிடிபட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். எல்லாரிடமும் இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

கூடவே இன்னும் இரண்டு பழக்கம். மும்முனை வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்புவதற்கு ஆட்டோ சுவிட்ச் போட்டிருந்தார்கள். பதினாலு மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் டிரான்ஸ்பார்மர் ப்யூஸ் போய்விடும். லைன்மேன் வந்து கட்ட அரை நாள் ஆகும்; அதற்குள் மும்முனை நேரம் முடிந்துபோகும். ஆகவே ப்யூஸ் போகாதபடி அதில் கம்பியை இரண்டு மூன்று இழை கூடுதலாக முறுக்கி வைத்தார்கள். அதற்குப் பிறகு ப்யூஸ் போகவில்லை.

ஒரு பங்குனி மாதத் திங்கட்கிழமை, பகல் வாரத்தின் முதல் நாள், டிரான்ஸ்பார்மர் போனது. அக்கா வாய்க்காலில் மடை திறந்துகொண்டிருந்தாளாம். மோட்டார்கள் கிளம்பிய சத்தம், ஒரு வெடி, பிறகு ஒரு சத்தமும் இல்லை. போய்ப் பார்த்தபோது எண்ணெய் வழிந்து கம்பத்தடியில் மண் கறுத்திருந்தது. அவளுடைய மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம். வாரம் ஒரு தண்ணீர் வேண்டும். அதற்கு முந்தைய தண்ணீர் பாய்ந்து அன்றைக்கு ஆறு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் அக்காவும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் மின்வாரியத்தின் செக்சன் ஆபீசுக்கு மனுவோடு போனார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். என்ஜினியருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதல் இருக்கும். மனுவைப் படித்துவிட்டுச் சுவரைக் காட்டினார். ஒரு கரும்பலகையில் எரிந்துபோன டிரான்ஸ்பார்மர்களின் பட்டியல் இருந்தது. எங்களுடையது ஒன்பதாவது.

"ஒண்ணு எரிஞ்சா, உள்ள காயில் கம்பியப் புதுசாச் சுத்திக் கட்டித்தான் வரணும். புதுசு கேட்டு எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு" என்றார். அதற்குள் போன் அடித்தது. கேட்டுவிட்டு, "சரி சார், லோடக் கொறச்சிருவோம்" என்று வைத்தார். சற்று நேரத்தில் அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியும் நின்றது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "ஏலே, நீ பேப்பர்ல எழுதுறவன்தான? எழுது."

எழுதினேன். பரளச்சி அருகே டிரான்ஸ்பார்மர் எரிந்து பதினான்கு கிணறுகள் முடங்கின, மிளகாய்ப் பயிர் கருகும் நிலை. பதினோரு வரி. வியாழக்கிழமை ஐந்தாம் பக்கத்தில் வந்தது. அதில் ஒரு தகவலும் தவறில்லை. கண்டன்சர் என்ற வார்த்தை இல்லை, ப்யூஸ் கம்பி பற்றியும் இல்லை. எழுதும்போது இரண்டும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. வருவது ஊருக்கு முன்பே தெரிந்துவிட்டது. என்ஜினியரும் லைன்மேனும் ஒவ்வொரு மோட்டார் ரூமாகப் பார்த்தார்கள். பின்னால் நானும் ஊர்க்காரர்களும். முதலில் போன ரூம் ஒன்றிலும் கண்டன்சர் இல்லை. ஆனால் புகையும் தூசியும் படிந்த சுவரில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் மட்டும் வெளேரென்று இருந்தது. நாலு மூலையிலும் ஆணி அடித்த துளை.

"இங்க என்ன இருந்தது?" என்றார் என்ஜினியர்.

"காலண்டர் சார்."

அடுத்த ரூமிலும் அதே அளவில் சதுரம். அதற்கடுத்ததிலும்.

"பதினாலு பேரும் ஒரே கடையில காலண்டர் வாங்குனீகளா?"

லைன்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அந்த ஊர்தான்.

கடைசிக் கிணறு அக்காவுடையது. அவள் வாளியில் தண்ணீர் இறைத்து அருகிலிருந்த பாத்திகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ரூமில் கண்டன்சர் சுவரிலேயே இருந்தது.

"இது என்னம்மா?"

"கண்டன்சர் சார்."

"கழட்டி வைக்கலையா?"

"தண்ணி எறச்சுக்கிட்டு இருந்தேன். நேரமில்ல."

இணைப்பைத் துண்டிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார், செடியைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "இந்தம்மா ஒரு டப்பாவால எரியல, எனக்குத் தெரியும். பதினாலும் என் ஆபீசுக்கு வரட்டும். வந்தா பட்டியல்ல மேல ஏத்திப் பாக்கேன். வரலன்னா ஒன்பதாவதாவே இருக்கட்டும். வேற டிரான்ஸ்பார்மர் குடுத்தா அதையும் எரிப்பீக."

ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "நீங்க எழுதுனதுல தப்பு ஒண்ணுமில்ல சார். ஆனா பாதிதான் எழுதியிருக்கீங்க" என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு டப்பா நகரவில்லை. ஞாயிறு மாலை டீக்கடையில் நான் கேட்டவரை பேச்சு ஒன்றேதான்.

"அவுக குடுத்தா நான் குடுக்கேன்."

"அவுகளும் அதத்தான் சொல்றாக."

"குடுத்துட்டு, நாளைக்கு ரெண்டு பேஸு கரண்டு வந்தா வேடிக்கை பாக்கவா?"

அன்று மாலை அக்கா மிளகாய்க் காட்டின் குறுக்கே கருவேல முள்ளை வரிசையாகப் போட்டிருந்தாள். கிணற்றை ஒட்டிய மேற்குப் பாதிக்கு மட்டும் இனி வாளித் தண்ணீர். கிழக்குப் பாதியை விட்டுவிட்டாள். இலைகள் மதியத்தில் சுருண்டு, மாலையில் விரியாமலே இருந்தன.

"எதுக்கு முள்ளு?" என்றேன்.

"இல்லன்னா ஒரு வாளி அங்கிட்டும் ஊத்தச் சொல்லுது கை" என்றாள்.

திங்கட்கிழமை காலை கண்டன்சரைக் கழற்றி வயர்க் கூடையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டாள். நானும் அதே பஸ்ஸில் டவுனுக்குத் திரும்பினேன். கூடையை மடியில் வைத்திருந்தாள். கூடையைத் துணி போட்டு மூடவில்லை.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னக்கா, கூடையில வெடிகுண்டா?"

"கரண்டு. ஆபீஸ்ல கொண்டு போயி திருப்பிக் குடுக்கப் போறேன்."

"லக்கேஜ் போடணுமே."

"கரண்டு இருந்தாப் போடுங்க. காலி டப்பாதான்."

பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டில் எங்கள் பதினாலில் இருவர் இருந்தார்கள். ஒருவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். மற்றவர் சற்று நேரம் கழித்துத் திரும்பி, "மதினி, ரசீது எழுதிக் குடுப்பாகளா?" என்று கேட்டார்.

ரசீது கொடுக்கவில்லை. மேசைக்கடியில் வைக்கச் சொன்னார்கள். செவ்வாயன்று மூன்று டப்பா போயிற்று. வியாழனுக்குள் பதின்மூன்று. பதினாலாவது ஆள் தனக்குக் கண்டன்சரே கிடையாது என்று கடைசிவரை சாதித்தார். என்ஜினியர் பதின்மூன்றோடு விட்டுவிட்டார். பட்டியலில் முன்னால் இருந்த எட்டு ஊர்களில் எதைக் கீழே தள்ளி இதை மேலே ஏற்றினார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை, எரிந்த பதின்மூன்றாம் நாள், காயில் கட்டிய டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்தது. அது இரவு வாரம். சோதனைக்கென்று பகலில் இரண்டு மணி நேரம் மும்முனை கேட்டு வாங்கியிருந்தார் என்ஜினியர். லைன்மேன் ஒற்றை இழையில் ப்யூஸ் கட்டினார். "இதுக்கு மேல ஒரு இழை ஏறுச்சு, நான் கம்பத்துப் பக்கமே வரமாட்டேன்" என்றார். எல்லாரும் ஆட்டோ சுவிட்சை அணைத்துவிட்டு, கம்பத்துக்குப் பக்கத்துக் கிணற்றிலிருந்து ஒவ்வொருவராகப் போட வேண்டும். முந்தைய மோட்டார் சீராக ஓடும் சத்தம் கேட்ட பிறகு அடுத்தது. தூரத்துக் கிணறு என்பதால் அக்கா கடைசி.

மூன்று மணிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். கொடுத்த நொடியில் ஒரு மோட்டார் தானாக உறுமிக் கிளம்பியது. கண்டன்சரே கிடையாது என்றவருடையது. ஒன்றுதான் என்பதால் ப்யூஸ் தாங்கியது. யாரோ திட்டினார்கள். பிறகு வரிசை தொடங்கியது. அக்கா ரூம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாவது மோட்டாருக்குப் பின் அடுத்த மோட்டாரின் சத்தம் வரவில்லை. ஒன்பதாவது ஆள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாராம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினேழு நிமிடம் அதிலேயே போனது.

"நீ போட்டுரு அக்கா. ஒரு மோட்டார்தான" என்றேன்.

"நான் முந்திப் போட்டா என்னப் பாத்து எல்லாரும் போடுவாக" என்றாள். ஸ்டார்ட்டரில் கை வைக்கவில்லை.

மூன்றே முக்கால் தாண்டித்தான் அவள் முறை வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள். குழாயில் முதலில் காற்று, பிறகு சேற்றுத் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். மேற்குப் பாதி பாய்ந்து முடிந்தபோது சோதனை நேரம் முடியக் கால் மணி இருந்தது. முள்ளை மண்வெட்டிக் காம்பால் ஒதுக்கிவிட்டுக் கிழக்குப் பக்கம் மடையைத் திறந்தாள்.

"அது செத்துப்போச்சே" என்றேன்.

"கரண்டு இருக்குல்ல. போகட்டும்."

ஐந்து மணிக்குத் தண்ணீர் நின்றது. கிழக்கில் மூன்று பாத்தி நனைந்திருந்தது. மாற்று டிரான்ஸ்பார்மர் பொருத்தப்பட்டது என்று மறுநாள் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அது பிரசுரமாகவில்லை.

பத்து நாள் கழித்துப் போனேன். மேற்குப் பாதியில் பூ உதிர்ந்தது போக மிச்சம் காய் பிடித்திருந்தது. கிழக்கே அந்த மூன்று பாத்தியில் சில செடிகள் அடித்தண்டில் துளிர்த்திருந்தன. எண்ணினேன், நாற்பத்தொன்று. அக்காவிடம் சொன்னேன். நாற்பத்து மூன்று என்றாள். மறுபடி எண்ணினேன். அவள் சொன்னது சரி.