தலையில்லாத பட்டாளக்காரன்

எனக்கு வலைக்கு ஈயம் ஊத்துகிற தொழில். வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயமணி. பொழியூர், கோட்டுகால் பக்கத்துக் கடல்காரர்கள் வந்து எடை போட்டு வாங்கிப் போவார்கள். பழைய பாட்டரி ஈயம் களியக்காவிளையில் உடைசல், ஆக்கர் சாமான் எடுக்கிற கடையில் கிடைக்கும். வீட்டுக்குப் பின்னால் ஓலை போட்ட ஒரு சாய்ப்பு, அதில் சிரட்டைக்கரி அடுப்பு. வேறு ஒன்றும் கிடையாது.

ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வழி பக்கத்து வீட்டு அண்ணனுடைய தென்னைவிளை வழியாகத்தான். பத்திரத்தில் அந்த வழி இல்லை. அவருடைய அப்பா காலத்தில் நடந்தோம், அப்படியே நடந்துகொண்டிருந்தோம். அவர் மனசு வைத்தால் வழி. இல்லை என்றால் பின்பக்கம் தோட்டு வரம்பில், ஓடைக்கரையில், தலைச்சுமடு. மழை பிடித்துவிட்டால் அதுவும் நடக்காது. ஈயம் வராது, கரி வராது, வலைக்காரனும் வரமாட்டான். அதனால் அண்ணனிடம் நான் பார்த்துத்தான் பேசுவேன். இரண்டு வீடும் ஒரே சபை.

தொண்ணூற்றி நாலோ ஐந்தோ இருக்கும். நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் ஆட்டோவில் வந்தார். கப்பலில் வேலை பார்த்து நின்றுவிட்டவர். பையிலிருந்து ரப்பர் மாதிரி இரண்டு துண்டு எடுத்துச் சேர்த்துப் பிடித்தார். அச்சு. உள்ளே ஒரு ஆளின் ரூபம், விரல் உயரத்துக்கு. மூன்று மூலைத் தொப்பி, முட்டு வரைக்கும் கோட்டு, தோளில் துப்பாக்கி. இதில் ஈயம் ஊத்தித் தர முடியுமா என்று கேட்டார்.

எனக்குப் பிடிக்கவில்லை. நரைத்த மனுஷன். பொம்மை எதுக்கு? ஈயம், துப்பாக்கி என்று கேட்டாலே புலியோ என்று போலீஸ் வந்து நிற்கிற காலம். அதுவும் மலையாளக்காரர் நடுவில் தமிழ் பேசுகிற வீடு. யாருக்கு என்று கேட்டேன். தனக்குத்தான் என்றார். எத்தனை என்று கேட்டேன். ஒரு பட்டாளம் என்றார்.

அவர் சொன்னது இதுதான். இருநூறு, இருநூற்றைம்பது வருஷம் முன்னால் குளச்சலில் டச்சுக்காரனுக்கும் நம்ம மகாராஜாவுக்கும் சண்டை நடந்தது. அந்தச் சண்டையை அவரும் கூட்டாளிகளும் மேசைமேல் திரும்ப நடத்துகிறார்கள். அதற்குத்தான் ஆள் வேண்டும். நான் தலையை ஆட்டினேன், நம்பவில்லை. அச்சை வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி அவர் வீட்டைத் தேடிப் போனேன். வேறு வேலையாக வந்ததாகச் சொன்னேன்.

அவர் சொன்னது உள்ளதுதான். சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரித்திருந்தது. தெர்மகோல் வெட்டிக் குன்று வைத்திருந்தார்கள். சுற்றி நாலு பெரிய மனுஷர்கள். ஒருத்தர் கன்னத்தை மேசையில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, பீரங்கி இருக்கிற இடத்திலிருந்து எதிரி தெரிகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் தையல்காரன் டேப்பை இழுத்து அளந்தார். பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்குச் செத்த ஆளைப் பெட்டியில் எடுத்து வைத்தார்கள். குண்டு எட்டியதா எட்டவில்லையா என்று சத்தம் போட்டார்கள். கண்ணாடி அலமாரியில் வரிசை வரிசையாகப் பெயிண்டு அடித்த ஆட்கள். வெளிநாட்டில் வாங்கியது, தபாலில் வரவழைத்தது, மாற்றிக்கொண்டது.

நான் ஒன்று கவனித்தேன். டச்சுக்காரனுக்கும் மூன்று மூலைத் தொப்பி, மகாராஜா படைக்கும் அதே தொப்பி. கேட்டேன். நம்ம ஆளுக்கு அச்சு எங்கேயும் கிடைக்கவில்லை, அதனால் நிறத்தை மட்டும் மாற்றி அடிக்கிறோம் என்றார். அப்படியானால் யார் யாரை ஜெயித்தாலும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

வேலையை எடுத்துக்கொண்டேன். ஈயத்தை அவர் தருவார், எடைக்கு எடை ஆளாகத் திரும்பிப் போக வேண்டும் என்று பேச்சு. துப்பாக்கியும் கழுத்தும் மெல்லிசு, வெறும் ஈயம் அங்கே ஏறாது. கொஞ்சம் வெள்ளீயம் கலக்க வேண்டும். அச்சுக்குள் முகப்பவுடர் தூவித் தட்டினால் ஈயம் நன்றாக ஓடும். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து சைக்கிள் டியூப்பால் வரிந்து கட்டி ஊத்துவேன். திறந்து எடுத்த சூட்டில் ஆளைத் தரையில் போட்டால் துப்பாக்கி வளையும். அதனால் அடுப்புச் சாம்பலை ஒரு குவியலாக வைத்து, அதன்மேல் போடுவேன். ஆறினபிறகு பொறுக்குவேன்.

பவுடர் டப்பா சீக்கிரம் தீர்ந்தது. என் வீட்டுக்காரி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாவது டப்பா வாங்கினபோது, "எனக்க மூஞ்சி கறுத்துத்தான் கெடக்கு. பின்ன எவ மூஞ்சிக்குப் போவுது இதெல்லாம்?" என்றாள். பட்டாளக்காரனுக்கு என்றேன். அவள் சிரிக்கவில்லை. சாய்ப்பில் வந்து நின்று, ஒரு ஆள் ஊத்தி எடுக்கிறவரை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கொஞ்ச நாளில் கப்பல்காரர் தராசோடு வந்தார். தந்த ஈயத்துக்கும் வந்த ஆட்களுக்கும் எடை சேரவில்லை என்றார். கழிவு போகும் என்றேன். கழிவுக்கு மேல் குறைகிறது என்றார். திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் என் சாய்ப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

நான் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரி எடுக்கமாட்டாள். சாய்ப்புக்குள் வருகிற மூன்றாவது ஆள் அண்ணன் பெண்டாட்டிதான். சனிக்கிழமை தோறும் கூடையோடு வந்து அடுப்புச் சாம்பலை அள்ளிப் போவாள். தென்னைமூட்டுக்குப் போட. அவள் மாமியார் காலத்திலிருந்து அது நடக்கிறது. வழிக்கு நாங்கள் கொடுக்கிற வாடகை என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை நான் சாய்ப்பை விட்டு வெளியே போகமாட்டேன். அவள் குனிந்தால் பார்ப்பேன், நிமிர்ந்தால் பார்ப்பேன். மடியைப் பார்ப்பேன். ஒரு நாள் கூடை சரிகிறது என்று சொல்லிப் பிடிக்கிறதுபோல் உள்ளே கை விட்டுத் துழாவினேன். சாம்பல்தான். அவள் என் கையைப் பார்த்தாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை பேச்சும் இல்லை. வந்தாள், அள்ளினாள், போனாள்.

ஜூன் மாசத்து இடவப்பாதி மழைக்கு முன்னால் அண்ணன் தென்னைமூட்டைச் சுற்றி வெட்டித் தடம் எடுத்தார். மண்வெட்டிச் சத்தம் எங்கள் முற்றத்தில் கேட்கும். ஒரு இடத்தில் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து வெட்டின குழியை அவரே மூடுகிற சத்தம். நான் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாள் அவர் காட்டாக்கடை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இறக்கி விட்டிருந்தார். காற்றில் கை விலகினபோது கறுப்புக் கயிறு தெரிந்தது. எங்கள் சபையில் கயிறு கட்டமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். திங்கள்கிழமை ஆளைக் கூட்டி வந்து வழியோரம் சீமைக்கொன்னைக் கம்பு நட ஆரம்பித்தார். வேலிக்கு.

கூடோத்திரம் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் குடும்பம் கெட்டுப்போக அவன் மண்ணில் ஆள் ரூபம் செய்து புதைத்து வைப்பது. தகடு, முட்டை, தலைமயிர், ஈயத்தில் ஆள். சபையில் இதை நம்பக்கூடாது. போதகர் இதைப் பற்றி அவ்வப்போது பிரசங்கம் செய்வார். நாங்கள் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து முற்றத்து மண் கிளறியிருக்கிறதா என்று பார்ப்போம். அண்ணனுடைய மருமகளுக்கு அந்த வருஷம் வயிற்றுப்பிள்ளை தங்கவில்லை. தென்னையில் குரும்பையும் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் சேர்ந்துவிட்டது.

கம்பு எங்கள் வாசல் வரைக்கும் வந்தபோது நான் இறங்கிப் போய் என்ன விஷயம் என்று கேட்டேன். அண்ணன் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு வாழையிலைப் பொதியை எடுத்து விரித்தார். உள்ளே என்னுடைய ஆள். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. துப்பாக்கியும் பாதிதான்.

"இது எனக்க தென்னைமூட்டுல கெடந்தது. நீ ஊத்தினதாக்கும். ஆமான்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம்தான். காணாமல் போன ஆள் அகப்பட்டுவிட்டான், அதுவும் அவர்கள் விளையில்.

"நான் ஊத்தினதுதான். இதைத்தான் நானும் தேடிட்டு நிக்கேன். உங்க மண்ணுல எப்படி வந்தது அண்ணா?"

"அதைத்தாம்லே நான் ஒனக்கிட்ட கேக்கேன்."

இரண்டு பேரும் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் திருட்டுக்குச் சாட்சி கிடைத்தது என்று நினைத்தேன். அவர் மந்திரத்துக்குச் சாட்சி கிடைத்தது என்று நினைத்தார். கம்பு நடுகிறவன் பீடி பற்றவைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றான்.

அண்ணன் பெண்டாட்டி வந்தாள். அவர் அவளைப் பார்த்த பார்வையும் சரியில்லை. சாம்பல் எடுக்க எங்கள் வீட்டுக்குள் போய் வருகிறவள் அவள் ஒருத்திதான். என் பார்வை எப்படி இருந்தது என்று அவளுக்கு முன்பே தெரியும்.

"ரெண்டுபேருக்கும் நாந்தான் கெடச்சேன், என்னா? இவருக்கு நான் மந்திரவாதி, ஒனக்கு நான் கள்ளி. ஆளு எங்கேருந்து வந்தான்னு நான் காட்டுதேன், வாங்க."

அவள் வீட்டுக்குள் போய் மாவரிப்பை எடுத்து வந்தாள். நேராக எங்கள் சாய்ப்புக்குப் போய் சாம்பல் குவியல் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தாள். அள்ளி அரித்தாள். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை அரிப்பில் டக்கென்று சத்தம். ஒரு ஆள், தலையில்லாமல். அடுத்த அள்ளில் ஒரு துப்பாக்கிக் கை, பிறகு ஒரு முழு ஆள், தொப்பியோடு. சூட்டில் போடுகிறபோது கனத்துக்குச் சாம்பலில் இறங்கிப் போயிருக்கிறான்கள். மேலே கிடக்கிறதைத்தான் நான் பொறுக்கியிருக்கிறேன். அடியில் கிடந்தது கூடையில் போய்விட்டது.

அவள் அரிப்பை என் காலடியில் வைத்துவிட்டு எழுந்தாள். நான் குனிந்து அந்த முழு ஆளை எடுத்துத் துடைத்தேன்.

அண்ணன் மட்டும் அசையவில்லை. "வந்த வழி சரி. தலை எங்க?" என்றார்.

மந்திரத்துக்குச் செய்கிறவன்தான் தலையில்லாமல் செய்வான் என்று கயிறு கட்டிவிட்ட காட்டாக்கடை மந்திரவாதி சொல்லி அனுப்பியிருக்கிறான். ஆறின அச்சில் ஊத்தினால் கழுத்தில் ஈயம் உறைந்துபோகும், தலைக்கு ஏறாது என்றேன். வாயால் சொன்னால் அவர் கேட்கிறவர் இல்லை. அடுப்பை ஊதி, ஈயத்தை உருக்கி, அச்சை அப்படியே எடுத்து ஊத்தினேன். திறந்து காட்டினேன். தலையில்லை. "இன்னொண்ணு" என்றார். கழுத்து வரைக்கும் வந்தது. அச்சு சூடாக ஆக மூக்கும் தொப்பியும் வந்தது. அவர் அதைக் கையில் வாங்கவில்லை. என் கையில் இருக்கும்போதே திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொன்னார்.

வீட்டுக்காரி மோர் கொண்டு வந்தாள், குடிக்கவில்லை. கடைசியில் சொன்னார்.

"வேலியை நிறுத்துதேன். ஆனா ஆளு ரூபம் வேண்டாம் மக்கா. குதிரை ஊத்து, பீரங்கி ஊத்து, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். மனுஷன் இங்க வச்சு ஊத்தப்பிடாது."

அவருடைய மருமகள் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சரி என்றேன். கண்ணால் பார்த்த பிறகும் அவருக்கு முழுசாகத் தெளியவில்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பேசித் தெளிவிக்க என்னால் ஆகாது. எனக்கு வழி வேண்டும்.

நெய்யாற்றின்கரைக்குப் போய் ஆள் அச்சுகளைத் திருப்பிக் கொடுத்தேன். அரித்தெடுத்த ஈயத்தையும், கூடையில் போனதற்கு ஈடாக என் ஈயத்தையும் கொடுத்தேன். எடை சேர்ந்தது. கப்பல்காரர் நான் சொன்னதை எல்லாம் கேட்டார். அவரோ படித்தவர், உலகம் சுற்றினவர், சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஆளில்லாம வெறும் பீரங்கிய வச்சு நான் என்ன யுத்தம் பண்ணுவேன்?"

"அது எனக்குத் தெரியாது சார். வழி அவருக்கதாக்கும்."

ஆள் அச்சை அவர் வேறு எங்கோ கொடுத்து ஊத்தினார். யார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பீரங்கிக்கும் குதிரைக்கும் என்னிடமே வந்தார். குதிரை நன்றாக வந்தது. சேணம் உண்டு, அங்கவடி உண்டு, மேலே ஆள் மட்டும் கிடையாது. அண்ணன் சிலநேரம் சாய்ப்பு வாசலில் வந்து நின்று எட்டிப் பார்ப்பார். எதையாவது கேட்க வந்ததுபோல் கேட்டுவிட்டுப் போவார். நான் கையில் இருப்பதை மறைக்காமல் பிடிப்பேன்.

நட்ட கம்புகளை அவர் பிடுங்கினார். வளைவில் இருக்கிற ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். மழையில் அது வேர் பிடித்துத் தளிர்த்தது. ஆள் நடக்கலாம், சைக்கிள் வரும், ஆட்டோ வராது. அதையும் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஈயத்தை அங்கே இறக்கித் தோளில் சுமந்து கொண்டுவருவேன்.