கதவு எண் கேட்காத கடை

ஆண்டிமடத்தில் நாங்கள் உடைத்தெடுக்கும் முந்திரிப் பருப்பை வருஷா வருஷம் ஒரே வியாபாரிதான் அள்ளிக்கொண்டு போவார். விலையை அவர் சொல்வார், நாங்கள் தலையாட்டுவோம். அந்தத் தலையாட்டல் பிடிக்காமல்தான் வெப்சைட் ஆரம்பித்தேன். தீபாவளிக்குள் அதில் விற்காவிட்டால் சரக்கு மறுபடி அவருக்கே என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

பெரம்பலூரில் ஆபீஸ் வைத்திருந்த டிசைனர் அழகாகத்தான் செய்து கொடுத்திருந்தார். நிறைய பேர் வந்து பார்த்தார்கள், கூடையில் பருப்பைப் போட்டார்கள், அப்புறம் ஆளையே காணோம். "பட்டன் கலரை மாத்திப் பாக்கலாம் மேடம்," என்றார். பச்சை ஆரஞ்சானது. ஒரு ஆர்டரும் கூடவில்லை.

ஜெயங்கொண்டம் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் வந்திருந்தாள். அவளிடம் போனைக் கொடுத்து, "அரை கிலோ வாங்கு, பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மெயில், பாஸ்வேர்டு எல்லாம் தட்டுத்தடுமாறிப் போட்டாள். கதவு எண் கேட்ட இடத்தில் நின்றுவிட்டாள், அது அவளுக்கே தெரியாது. அதைப் போடாமல் நகரவும் விடவில்லை, சிவப்பு எழுத்தில் திட்டியது.

"ஏன் அண்ணி, பருப்பு வாங்கத்தானே வந்தேன்? பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி வூட்டு வெவரமெல்லாம் கேக்குது!"

எனக்குச் சுருக்கென்றது. நான் இதுவரை அவளுக்கு அனுப்பிய எதுவும் கதவு எண் பார்த்துப் போனதில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன், அவள் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள்வாள். எங்கள் பக்கம் பாதி சாமான் அப்படித்தான் போய்ச் சேரும்.

டிசைனரிடம் அந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் தூக்கச் சொன்னேன். பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் போன் நம்பரும் பஸ் ஸ்டாப்பும் போதும். வெளியூருக்கு மட்டும் முகவரி.

"எந்த சைட்டுலயும் இப்படி இருக்காது மேடம். சிரிப்பாங்க."

"சிரிச்சுக்கிட்டே வாங்கட்டும் சார்."

முணுமுணுத்துக்கொண்டேதான் மாற்றினார். மறுவாரமே உடையார்பாளையம், அரியலூர் என்று ஸ்டாப் ஸ்டாப்பாக ஆர்டர் வந்தது. தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் வியாபாரி வந்தார். "மூட்டையெல்லாம் எங்கம்மா?" என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை.

"இந்த வருஷம் மூட்டை இல்லீங்க. வேணும்னா வெப்சைட்ல ஆர்டர் போடுங்க. எந்த ஸ்டாப்புன்னு மட்டும் சொன்னா போதும். வெலைய நான் போட்டிருக்கேன்."