சிவப்பு அடையாளமிட்ட மரம்

இன்று அடுப்பில் புளூபெரி ஜாம் கொதித்து வீடெல்லாம் மணக்க, ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய குரோருட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த காட்டுப் பாதை நினைவுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஐஸ்கிரீம் வாளியோடு, நடப்பவர்களுக்கு வழிகாட்ட மரங்களில் பூசியிருந்த நீல அடையாளங்களைப் பார்த்துப் பார்த்து, ஈரப்பாசி சப்பாத்துக்கடியில் சளசளக்க நானும் அப்பாவும் நடப்போம். சிவப்பு அடையாளமிட்ட ஒரு பைன் மரம் வந்ததும் அப்பா நின்றுவிடுவார். அதற்கு அப்பால் பற்றைகள் பழத்தால் கறுத்துக் கிடக்கும். நான் ஓர் அடி வைத்தாலும் ஜாக்கெட்டைப் பிடித்து இழுப்பார்.

"சிவப்பெண்டா பனியிலை சறுக்கிற ஸ்கீ பாதை அப்பா, ரீச்சர் சொன்னவ."

"ஓம் பிள்ளை, தெரியும். எண்டாலும் அங்காலை போகாதை."

ஊரில் சிவப்பு அடையாளம் என்றால் கண்ணிவெடி. அவருடைய தம்பி அப்படியோர் அடையாளத்தைத் தாண்டிப் போய்த்தான் இறந்தார். எங்கள் வாளி ஒருநாளும் நிறைந்ததில்லை.

அப்பா இறந்த அடுத்த வருடம் அந்தக் காட்டை அழித்து வீடுகள் கட்டினார்கள். மரம் வெட்ட வந்தவர்கள் அந்தப் பற்றைகளுக்குள் நாள் முழுக்க நடந்து திரிவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

ஒன்றும் வெடிக்கவில்லை, அப்பா.