எங்கள் கிளி இறங்கக் கற்ற கதை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அம்பத்தூரில் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் சொல்லிவிடுவார்கள். பதினெட்டு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்து சீட்டில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு, வாய் அதற்கும் மேல். "கண்ணாடியப் பாரு! கிளட்ச விடாத! ஹேண்ட்பிரேக் எடுத்தியா?" என்று நான் போடுகிற சத்தத்தில், சிக்னலில் நிற்கும் ஆட்டோக்காரர்கூடத் தன் ஹேண்ட்பிரேக்கை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். என் கணவர் என்னிடம் மூன்றே நாள் கற்றார். மூன்றாம் நாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அடித்ததில்லை, ஆனால் அதட்டாமல் எதுவும் மண்டையில் ஏறாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட நான் ஒரு கிளிக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தேன். அதைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அடக்கமாகச் சொல்லவும் எனக்கு வராது.

கிளி எங்கள் அயனம்பாக்கம் வீட்டுக்கு வந்தது கணவர் வழியாக. அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் மேற்பார்வை பார்க்கிறவர். கூட வேலை பார்த்தவர் ஊரை விட்டுப் போகும்போது கூண்டோடு கொடுத்துவிட்டுப் போனார். நம்மூர்ப் பச்சைக்கிளி இல்லை, அதை வீட்டில் வைப்பது குற்றம். இது வெளிநாட்டு இனம். உடம்பெல்லாம் மஞ்சள், தலையில் ஆரஞ்சு, குரல் மட்டும் மிக்ஸியில் கல் மாட்டிக்கொண்ட மாதிரி. கடையிலேயே சிறகை வெட்டித்தான் விற்றிருந்தார்கள். அது பிறந்ததிலிருந்து பறந்ததே இல்லை.

வந்த இரண்டாம் வாரம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தது. கணவர் வேலைக்குக் கிளம்பி வாசலுக்குப் போனார். அவர் பின்னாலேயே போக நினைத்து அது காற்றில் பாய்ந்தது. தாங்கச் சிறகில்லை. தொப்பென்று மார்பு அடிபட டைல்ஸில் விழுந்தது. விழுந்து, வாயைத் திறந்தபடி அப்படியே சிறிது நேரம் நின்றது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அன்று முழுக்க எல்லோர் மேலும் கோபப்பட்டேன்.

சில மாதங்களில் வெட்டிய இடத்தில் புதுச் சிறகு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கணவர் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தார்.

"ரெக்கை வளந்துகினு வருது. வெட்டிடணும்."

"அது விழுந்தது மறந்துபோச்சா?"

"ஃபேன்ல அடிபட்டுச்சுன்னா? வெளியே பூந்து போயிடுச்சுன்னா? காக்கா கொத்திப் போட்ரும்மே. நான் இன்னா பண்ணுவேன் சொல்லு?"

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பயம்தான். என்னைவிட அவருக்குத்தான் கிளி மேல் உயிர். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அப்போது சித்திரை. ஆடி முடிவதற்குள் கூப்பிட்டால் கைக்கு வருகிற மாதிரி அதைப் பழக்கிவிட்டால் சிறகு தப்பித்தது. இல்லையென்றால் ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை வெட்டு. அவர் கத்தரிக்கோலைக் கூண்டுக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவைத்தார். தினமும் அது என் கண்ணில் படட்டும் என்றுதான்.

பறவைகளுக்குப் பார்க்கிற டாக்டரம்மா வழி சொன்னார். அதட்டக் கூடாது, பிடித்துத் தள்ளக் கூடாது. அதற்கு உயிரான தீனி எதுவோ அதைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, சொன்னதைச் செய்தால் மட்டும் கொடுக்க வேண்டும். செய்த அந்த நொடியே ஒரு வார்த்தை, உடனே தீனி. பட்டினி போட வேண்டாம், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் லேசான பசியில் பத்து நிமிடம் போதும். எங்கள் கிளிக்கு உயிர் சூரியகாந்தி விதை. கூப்பிடுவதற்கு எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் இரண்டு தட்டு என்று வைத்துக்கொண்டேன். வார்த்தை, சபாஷ். நான் அதுவரை வாயில் அதிகம் வைத்திராத வார்த்தை.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலி முதுகில் அதை உட்கார வைத்து, ஓர் அடி தள்ளி நின்று, விதையைக் காட்டி டம்ளரைத் தட்டுவேன். அது என்னைப் பார்க்கும், விதையைப் பார்க்கும், பிறகு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடிவிடும். லைசென்ஸ் வாங்கவே விருப்பமில்லாமல் அப்பா அனுப்பியதற்காக வருகிற பெண்கள் உண்டு. அதே முகம்.

பதினோராம் நாள் சீக்கிரம் எழுந்தபோது விஷயம் தெரிந்தது. ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பும் முன் கணவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே மேஜையில் கிளி. அதன் முன்னால் ஒரு குவியல் சூரியகாந்தி விதை.

"தினமுமா?" என்றேன்.

"நான் துன்னும்போது அது வாயையே பாத்துகினு கீதுமே. எனக்குத் தொண்டையில எறங்குமா? ஊருக்கே சோறு போடுறேன், என் ஊட்ல ஒரு வாயில்லா ஜீவன் பசியோட இருக்கணுமா?"

பரிமாறிப் பரிமாறியே வளர்ந்த கை அது. நியாயம்தான். ஆனால் நியாயம் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. கத்தினேன். பத்து நாள் உழைப்பு, ஆடி, கத்தரிக்கோல், அவர் கார் ஓட்டக் கற்காமல் ஓடியது என எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன். முடித்துவிட்டுத் திரும்பினால், கிளி கூண்டின் மூலையில் போய் உடம்பை ஒடுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் என் கைக்கு வரவில்லை. என் பயிற்சியை அவர் கெடுத்தது பாதி, நான் கெடுத்தது பாதி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு அந்த இரண்டு நாளும் தேவைப்பட்டது.

இரண்டாவது ஒப்பந்தம் போட்டோம். அவர் பயிற்சிக்கு வெளியே ஒரு விதைகூடக் கொடுக்கக் கூடாது. நான் வீட்டுக்குள் குரலை உயர்த்தக் கூடாது. இரண்டில் எது கஷ்டம் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு உண்டு. அவர் கொடுக்காமல் இருக்க மாட்டார் என்று தெரிந்ததால், கொடுக்கிற வேலையை அவரிடமே விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் விதை அவர் கையில், டம்ளரும் அவர் கையில். தள்ளி நின்று சபாஷ் சொல்வது நான். மற்ற நாள் இரண்டையும் நானே பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. தூரத்தை டைல்ஸ் கணக்கில் வைத்தோம். முதலில் நாற்காலியிலிருந்து கைக்கு எட்டி வைத்து ஏறியது. ஒரு டைலுக்கு ஒரு தத்தல். இரண்டு டைலுக்குச் சிறகை அடித்துக்கொண்டே ஒரு பெரிய தாவல். ஃபேனைப் போட முடியாது, கத்திரி வெயில், இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து நிற்போம். மூன்றாவது டைலில்தான் அது நடந்தது. நாற்காலியை விட்டுக் கிளம்பி, நடுவில் எதையும் தொடாமல், காற்றில் மட்டும் இருந்து, அவர் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. வந்த பிறகு அதற்கே நம்பிக்கையில்லை. திரும்பி நாற்காலியைப் பார்த்தது. நான் சபாஷ் சொல்ல மறந்து அழுதுகொண்டு நின்றேன்.

அன்று பூந்தமல்லி ரோட்டில் வண்டி பழக வந்த ஐ.டி. பெண்ணிடம் முதல் கியரிலிருந்து மூன்றாம் கியர் வரை இந்தக் கதையைத்தான் சொன்னேன். "மேடம், நீங்க இன்னைக்கு என்னைத் திட்டவே இல்ல" என்றாள் இறங்கும்போது.

ஆனி மாதம் வருவதற்குள் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பதினோரு டைல். திரும்பித் திரும்பிப் பறக்கும், திரைச்சீலைக் கம்பி மேல் போய் உட்காரும். ஒவ்வொரு தடவையும் நான் பூரித்துப்போய் சபாஷ் போடுவேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கிக்கொண்டு வருவேன். ஒரு நாள் ஸ்டூல் போடாமல் கீழே நின்று டம்ளரைத் தட்டினேன். குனிந்து பார்த்தது, இடமும் வலமும் நடந்தது, கத்தியது. இறங்கவில்லை. அதற்கு இறங்கத் தெரியவில்லை. ஏறியதற்கெல்லாம் பாராட்டினேன், இறங்குவதை ஒரு நாளும் கேட்கவே இல்லை. வண்டியைக் கிளப்பக் கற்றுக்கொடுத்துவிட்டு பிரேக்கைக் காட்டாமல் ரோட்டில் விட்டிருக்கிறேன். பதினெட்டு வருட அனுபவம்!

எங்கள் வீடு மேல்மாடி. வாசலிலிருந்து மொட்டைமாடிக் கதவுவரை பதினான்கு படி. கதவைத் தாழிட்டு, கீழ்ப்பக்கம் பழைய புடவைகளைக் கட்டி மறைத்து, அங்கே பயிற்சியை ஆரம்பித்தோம். கிளி ஒரு படி மேலே, கணவர் கீழே. பிறகு இரண்டு படி. நேர் கீழே நின்றால் மிரள்கிறது, தள்ளி நின்றால் சரிவு குறைந்து தைரியமாக வருகிறது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன். ஆடி பிறந்தபோது பதினான்கு படியும் இறங்கியது.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மூன்றாவது ஞாயிறு காலை, கிளி மேல்படியில் இருக்கும்போது மொட்டைமாடிக் கதவு படாரென்று திறந்துகொண்டது. தாழ்ப்பாளைப் பாதிதான் தள்ளியிருந்தேன். ஊரையே ஹேண்ட்பிரேக் போட்டாயா என்று கேட்கிறவள். சத்தத்தில் மிரண்டு கிளி அந்தக் கதவு வழியாகவே வெளியே போய்விட்டது.

நாங்கள் மாடிக்கு ஓடினோம். பக்கத்துக் கட்டடம் எங்களுடையதைவிட இரண்டு மாடி உயரம். அதன் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒரு மஞ்சள் புள்ளி. கீழே இஸ்திரி வண்டிக்காரர் கையை நீட்டிக் கத்தினார்.

"அக்கா! டேங்கு மேல குந்திகினு கீது பாருக்கா!"

அடுத்த ஐந்து நிமிடத்தில் எல்லா மாடியிலும் ஆள். ஒருவர் கொய்யாப்பழத்தைக் காட்டினார். ஒரு பெண் போனில் கிளிச் சத்தத்தைப் போட்டுத் தூக்கிப் பிடித்தாள். யாரோ விசிலடித்தார்கள், இரண்டு பேர் தட்டைத் தட்டினார்கள். நல்ல மனதோடுதான். எனக்குத் தொண்டைவரை கத்தல் வந்துவிட்டது. ஆனால் என் கத்தலுக்குத்தான் அது மூலையில் ஒடுங்கும். வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மாடியையும் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டேன். ஒவ்வொருவராக அடங்கினார்கள். தொட்டிக்கு மேலே இரண்டு காக்கை வட்டமிட்டன.

"நான் அந்தாண்ட டேங்குல ஏறி இட்டாந்துடறேன்" என்றார் கணவர்.

"வேணாங்க. கிட்ட போனா இன்னும் தூரம் போயிடும். அதுக்கு இறங்கத் தெரியும்."

சொல்லிவிட்டேனே தவிர, பதினான்கு படி எங்கே, இந்த உயரம் எங்கே. அவரை நேர் கீழே நிற்காமல் பின்னால் போகச் சொன்னேன். இன்னும் பின்னால். மாடியின் அந்தக் கோடிச் சுவரில் முதுகு முட்டும்வரை. அங்கிருந்து பார்த்தால் சரிவு ஏறக்குறைய எங்கள் மாடிப்படி மாதிரி இருந்தது.

அவர் மெதுவாகச் சொன்னார். "காலையில நீ தூங்கிகினு இருந்தே. கெஞ்சுச்சு. நான் ஒண்ணும் தரல."

டம்ளரை இரண்டு தட்டு தட்டினார். கிளி குனிந்து பார்த்தது. இடமும் வலமும் நடந்தது. காற்று கொஞ்சம் ஓயட்டும் என்று காத்திருந்தோம். மறுபடி இரண்டு தட்டு.

கிளம்பியது. கிளம்பியதுமே காற்று அதை அயனம்பாக்கம் ஏரிப்பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. போயே போச்சு என்று நினைத்தேன். அது ஒரு பக்கம் சாய்ந்து, பெரிய வட்டமாகத் திரும்பி, காற்றை எதிர்த்துக்கொண்டு இறங்கியது. வாலை விரித்து, சிறகை முன்னால் அடித்து வேகத்தைக் குறைத்து, நீட்டிய மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.

"சபாஷ்" என்றேன்.

சுற்றியிருந்த மாடிகளில் கைதட்டல். கிளி வளைந்த அலகால் அவர் மூடிய விரல்களைத் தட்டி விதை கேட்டது. அவர் விரலைத் திறந்து விதையைக் கொடுத்தார். அப்படியே என்னைப் பார்த்தார்.

"சபாஷ் அதுக்கா, எனக்கா?"

கெஞ்சியும் கொடுக்காமல் நின்ற மனுஷன். மூன்று நாள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது நான் ஒரு தடவைகூட அவரிடம் சொல்லாத வார்த்தை அது.

"உங்களுக்குத்தான் முதல்ல" என்றேன்.

வீட்டுக்குள் வந்து கதவையும் தாழ்ப்பாளையும் மூன்று தடவை சரிபார்த்தேன். சாயங்காலம் டீ போட அவர்தான் சமையலறைக்குப் போனார். போகிற வழியில் நின்று, கூண்டுக்கு மேலே ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், பால் பாக்கெட்டை வெட்டினார். பிறகு அதைக் கழுவி, கரண்டிகளோடு போட்டுவிட்டார். ஆடி முடிய அப்போது இன்னும் இரண்டு வாரம் இருந்தது.